காயம் ஆறினால் போதுமா?

யுத்தத்தில் காலை இழந்த ஒரு பெண்ணிடம், "உங்களுக்கு எப்போது சுகமானது?" என்று கேட்டால் அவர் எந்த நாளைச் சொல்வார்? தையல் வெட்டிய நாளையா, பொய்க்காலோடு முதன்முதலாகக் கிணற்றடி வரை நடந்த நாளையா, அல்லது மீண்டும் தன் கையால் உழைத்த நாளையா? இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு இக்கேள்வி புதிதல்ல. காயம் ஆறுவது வேறு, வாழ்க்கை மீண்டும் நிமிர்வது வேறு என்பதை நீங்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள்.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும்போது கையோ, கண்ணோ, முதுகோ பாதிக்கப்பட்ட பெண்களிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களின் லயங்களில் இத்தகைய பெண்கள் வாழ்கிறார்கள். ஷெல் விழுந்தால் ஒரே நாளில் பலர் காயப்படுவார்கள், ஊரே அறியும். தோட்டத்திலோ காயம் ஒவ்வொன்றாக வருகிறது. இன்று இந்த மலையில் ஒருவருக்கு, இரண்டு மாதம் கழித்து அடுத்த மலையில் இன்னொருவருக்கு. அதனால் அது செய்தியாவதும் குறைவு, சேர்த்து எண்ணிப் பார்ப்பவர்களும் குறைவு.

வடக்குக் கிழக்கில் வாழ்வோருக்கு இது தூரத்துக் கதையுமல்ல. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களுடைய அக்காமாரும் மச்சாள்மாரும் இன்றும் மலையில் கொழுந்து பறிக்கிறார்கள்.

எப்படிக் காயப்படுகிறார்கள்?

தேயிலை மலை பார்ப்பதற்குப் பச்சைக் கம்பளம் போலிருக்கும். அதில் ஏறி இறங்குபவருக்குத்தான் அதன் சரிவு தெரியும். மழைக் காலத்தில் பாதை வழுக்கும். செடிகளுக்கிடையே வெட்டப்பட்ட கான்கள் புல் மூடிக் கண்ணுக்குத் தெரியாது. நிறை கொழுந்தைச் சுமந்து கொண்டு மடுவத்துக்கு இறங்கும்போது கால் தவறினால் முதுகெலும்போ இடுப்போ பாதிக்கப்படுகிறது.

அடுத்தது குளவிக் கொட்டு. மரத்தில் கட்டிய கூடு காற்றுக்கோ கழுகுக்கோ கலைந்தால், கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள் அனைவரும் ஒன்றாகத் தாக்கப்படுகிறார்கள். கூடை, படங்கு, இறப்பர் சீட் என்பவற்றோடு செடிகளுக்கு நடுவே ஓடித் தப்புவது எளிதல்ல. பெருமளவு கொட்டு வாங்கியவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படவும் உயிர் போகவும் கூடும். தப்பியவர்களில் சிலர் உடல் தேறிய பின்னும் அந்த மலைக்குப் போக அஞ்சுகிறார்கள். ஒரு வண்டு பறக்கும் சத்தம் கேட்டாலே கை கால் நடுங்குகிறது என்கிறார்கள். விமானச் சத்தத்துக்கு உடல் பதறிய எமது சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றோடு பாம்புக்கடி, கவ்வாத்துக் கத்தி வெட்டு, மருந்து தெளிக்கும்போது கண்ணில் படுதல், மரக்கிளை முறிந்து விழுதல், லொறியும் டிராக்டரும் கவிழ்தல் என்பனவும் உண்டு. தொழிற்சாலைக்குள் ரோலரும் பெல்ட்டும் சல்லடை இயந்திரமும் இருக்கின்றன. ஓடும் இயந்திரத்தைத் துப்புரவு செய்யும்போது விரலோ, சேலைத் தலைப்போ, கூந்தலோ சிக்கிக் கொள்வது ஒரு கணத்தில் நடந்து முடிந்துவிடுகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களுக்குக் காப்பு இட வேண்டும் என்றும் விபத்துகளை அறிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் அது தொழிற்சாலைக்குரிய சட்டம். பெரும்பாலான பெண்கள் வேலை செய்யும் மலைக்கு அது எட்டுவதில்லை.

முதல் நாளில் எழுதப்படுவது

தோட்டமொன்றில் நான் சந்தித்த ஒரு பெண், கொழுந்துச் சாக்கோடு கானுக்குள் விழுந்து முதுகில் அடிபட்டவர். அன்று அவரைத் தோட்ட மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். வலிக்கு மருந்து கொடுத்துப் புத்தகத்தில் "இடுப்பு வலி" என்று எழுதினார்கள். வேலை நேரத்தில் விழுந்தார் என்று எங்கும் எழுதப்படவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை. வலியில் துடிப்பவர் எழுத்தைப் பற்றி எப்படி நினைப்பார்? இரண்டு கிழமையில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். சரியாகவில்லை. குனிந்து நிமிரவும் சுமை தூக்கவும் இயலாமற் போனது. நட்டஈடு பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அவர் அலுவலகத்துக்குப் போனபோது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. கையில் இருந்தது "இடுப்பு வலி" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

"நான் விழுந்தத நாலு பேரு பாத்தாங்க மிஸ். ஆனா புஸ்தகம் பாக்கலயே" என்றார் அவர்.

காயப்பட்ட ஒரு பெண்ணின் அடுத்த இருபது ஆண்டு வாழ்க்கை, முதல் ஓரிரு நாட்களில் எழுதப்படும் சில வரிகளில் தங்கியிருக்கிறது. எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த மலை அல்லது எந்த இயந்திரம், என்ன வேலை செய்து கொண்டிருந்தார், யார் பார்த்தார்கள் என்பன எழுதப்பட்டிருந்தால் அந்தக் காயம் "வேலைக் காயம்". எழுதப்படாவிட்டால் அது வெறும் நோய்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் வேலையிடக் காயங்களுக்கான பிரதான சட்டம், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாகும். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட விபத்தினால் தொழிலாளி ஊனமுற்றாலோ இறந்தாலோ தொழில் தருநர் நட்டஈடு வழங்க வேண்டும் என்பது இதன் சாரம். "உன் கவனக்குறைவால்தான் விழுந்தாய்" என்று சொல்லி மட்டும் இதை மறுக்க முடியாது. மதுபோதையில் இருந்தமை, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியமை போன்ற சில விதிவிலக்குகளே உள்ளன.

குறுகிய காலம் வேலை செய்ய இயலாதவருக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு உண்டு. நிரந்தரமாக ஒரு உறுப்பை இழந்தவருக்கு, உழைக்கும் ஆற்றல் எத்தனை வீதம் குறைந்தது என்று கணக்கிட்டு மொத்தத் தொகை வழங்கப்படும். அதற்கான அட்டவணை சட்டத்திலேயே இருக்கிறது. 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்துகளும் இதில் அடங்குகின்றன. உச்சத் தொகையும் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. கோரிக்கையை விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முன்வைக்க வேண்டும். நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் செயலகத்தில் இருக்கிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தொழில் அலுவலகங்களில் விபரங்களைக் கேட்டறியலாம்.

இந்தச் சட்டத்தின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். பணம் அரசாங்க நிதியிலிருந்து வருவதில்லை; தொழில் தருநரிடமிருந்து வர வேண்டும். எனவே கேட்டால்தான் கிடைக்கும். தொகையும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. ஆனால் வேலைக்குப் போன நாளுக்குத்தான் சம்பளம். மாதத்தில் பதினைந்து நாள் மட்டும் பேர் விழுந்தவரின் உழைப்பு சட்டத்தின் கண்ணில் சிறியதாகவே தெரியும்.

இப்போது பல தோட்டங்களில் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை நிறுத்துப் பணம் கொடுக்கும் முறையும், கைக்காசு வேலையும் பரவி வருகின்றன. அப்படியான காணியில் விழுந்து காயப்பட்டால், "அன்று நீ செக்ரோலில் இல்லையே" என்ற பதில் வரக்கூடும். இம்முறையில் சேரும் முன், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியமாகும்.

லயத்துக்குத் திரும்பிய பின்

வைத்தியசாலையிலிருந்து லயத்துக்குத் திரும்பும் நாளில்தான் உண்மையான சோதனை ஆரம்பிக்கிறது. லயம் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். தார்ப்பாதையிலிருந்து படியேற வேண்டும். மலசலகூடமும் தண்ணீர்க் குழாயும் வீட்டுக்கு வெளியே. முதுகு அடிபட்டவருக்குச் சக்கர நாற்காலி கிடைத்தாலும் அதை உருட்டிச் செல்ல இடமில்லை. கிளினிக் நாளில் நாலு பேர் சேர்ந்து கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பாதைக்கு இறக்குகிறார்கள். தூக்க ஆளில்லாத மாதத்தில் கிளினிக் தவறிப்போகிறது.

வீட்டைப் பற்றிய பயம் இன்னொன்று. லய அறை நீண்டகாலமாகவே தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்டது. ஹட்டன் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் வலது கையின் நான்கு விரல்களை இழந்த ஒரு பெண் என்னிடம் முதலில் பேசியது கையைப் பற்றியல்ல. "வெரலு போனது போச்சு மிஸ். வேலக்கி ஆளில்லன்னு காம்பராவையும் கேட்டாங்கன்னா புள்ளைகள கூட்டிக்கிட்டு எங்க போறது?" என்றுதான் கேட்டார். அவருடைய மூத்த மகள் சாதாரண தரம் படித்துக் கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பதிலாக அவளைப் பேர் பதிய வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. தாயின் விரலோடு மகளின் படிப்பும் போய்விடுவது இப்படித்தான்.

அந்தத் தாய் அதற்கு உடன்படவில்லை. இடது கையால் வேலை செய்யப் பழகினார். பலகையில் இரண்டு ஆணி அடித்து, அதில் கிழங்கைக் குத்தி வைத்து ஒரு கையால் நறுக்கினார். கிண்ணம் நகராமலிருக்க அடியில் ஈரத்துணி போட்டு ரொட்டி மா குழைத்தார். தொழிற்சாலையில் தராசுப் பக்கத்தில் இலகு வேலை கேட்டு, தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு துரையைச் சந்தித்தார். மூன்றாவது தடவையில் அந்த வேலை கிடைத்தது. மகள் பரீட்சை எழுதினாள். "எப்போது சுகமானது அக்கா?" என்று நான் கேட்டதற்கு, "மறுபடி பேரு விழுந்த அன்னக்கி" என்று பதில் சொன்னார்.

எல்லோருக்கும் அந்த இலகு வேலை கிடைப்பதில்லை. "கை இல்லாதவளுக்கு என்ன வேலை?" என்ற பேச்சு நிர்வாகத்திடமிருந்து மட்டுமல்ல, குடும்பத்துக்குள்ளிருந்தும் வருகிறது. கணவன் காயப்பட்டால் மனைவி தன் நாட்சம்பளத்தை இழந்து அவரைப் பராமரிக்கிறார். மனைவி காயப்பட்டாலோ அந்தப் பராமரிப்பு பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. சமூகவியலில் இதனைப் பராமரிப்புச் சுமை என்பார்கள். வீட்டில் இதற்குப் பெயரே கிடையாது.

பணம் யார் கையில்?

நட்டஈடு கிடைத்தாலும் கதை முடிவதில்லை. மொத்தமாக ஒரு தொகை வரும்போது அடகு மீட்கவும் கடைக் கடனை அடைக்கவும் கூரைத் தகரம் மாற்றவும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மனைவியின் சம்பளத்தையும் கணவனே வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நீண்டகாலம் இருந்தது. அந்த வழக்கம் நட்டஈட்டுப் பணத்திலும் தொடர்ந்தால், ஒரு வருடத்தில் பணம் முடிந்துவிடும்; ஊனம் மட்டும் அவளிடம் எஞ்சும். ஆகவே அந்தப் பணம் காயப்பட்டவரின் சொந்தப் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே இடப்பட வேண்டும்.

நட்டஈட்டுக்கு அப்பாலும் சில உரித்துகள் உள்ளன. நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்று வைத்திய சான்று பெற்று வேலையை விட்டு விலகுபவர், ஓய்வு வயது வருமுன்னரே ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் நிரந்தர ஊனத்துக்கான உதவியும் இருக்கிறது. ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்பது கணக்கு. வலுவிழந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 ஏப்ரலிலிருந்து 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதற்குப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரை நாட வேண்டும். இவை ஒன்றுக்கொன்று பதிலானவை அல்ல. "சேமலாப நிதி எடுத்துவிட்டாய், நட்டஈடு இல்லை" என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

கைக்கும் காலுக்கும் பயிற்சி

யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்தை உங்களில் பலர் அறிவீர்கள். யுத்தத்தால் கால் இழந்தவர்களுக்குப் பொய்க்கால் பொருத்தியதோடு நிற்காமல், நடைப் பயிற்சி, சுயதொழில் என்று அடுத்த படிகளையும் அங்கு பார்த்தோம். தன்னைப் போன்ற இன்னொருவர் நடப்பதைக் கண்டபோது வந்த துணிவு மருந்தால் வராதது.

மலையகத்தில் டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அவசர சிகிச்சைக்கு இப்படியான இடங்கள் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் காயம் ஆறிய பின்னர் வேண்டிய நீண்ட பயிற்சிக்குக் கண்டிக்கு அருகேயுள்ள திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்கோ, ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கோ போக வேண்டும். போகும் நாளில் சம்பளமில்லை, கூட வருபவருக்கும் சம்பளமில்லை, பஸ் காசு வேறு. அதனால் இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதம் பயிற்சி செய்திருந்தால் மடங்கியிருக்கக்கூடிய விரல் அப்படியே விறைத்துப்போகிறது. பயிற்சி எடுக்கப் பஸ் காசு கொடுப்பது, சக்கர நாற்காலி கொடுத்துப் படம் எடுப்பதைவிடப் பயனுள்ள உதவி என்பதை உதவி நிறுவனங்களுக்கும் சொல்லி வைக்க விரும்புகிறேன்.

பிற நாடுகளில்

பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24ஆம் திகதி ராணா பிளாசா கட்டடம் இடிந்து, 1,100க்கும் அதிகமான ஆடைத் தொழிலாளர் இறந்தார்கள். உலகமே பார்த்ததால் அங்கு நட்டஈட்டு நிதியொன்று உருவானது. அதன் தொடர்ச்சியாக 2022இல், ஆடைத் தொழிலில் நிரந்தரமாக ஊனமுற்றவருக்கு ஒரே தடவைப் பணத்தோடு நிற்காமல் தொடர்ச்சியான கொடுப்பனவு வழங்கும் முன்னோடித் திட்டமும் தொடங்கப்பட்டது. மாதாமாதம் வரும் சிறு தொகை, ஒரே நாளில் வந்து கரையும் பெருந்தொகையை விட ஒரு பெண்ணை நிமிர்ந்து நிற்க வைக்கும். எமது நாட்டிலும் தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வைக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு கட்டடம் இடியும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

மலையகத்தில் உறவினர் உள்ள சகோதரிகள் இவற்றைத் தொலைபேசியிலாவது சொல்லுங்கள்.

விபத்து நடந்தவுடன் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றிப் பொலித்தீன் பைக்குள் இட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது.

மருந்தகத்திலும் வைத்தியசாலையிலும் "வேலையின்போது நடந்தது" என்று சொல்லி எழுதுவியுங்கள். கூட நின்ற இரண்டு பேரின் பெயரைக் குறித்து வையுங்கள். அன்றைய பேர் விழுந்ததற்கான சம்பளச் சீட்டு, கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். வாசிக்க முடியாத, விளங்காத கடதாசியில் கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டாம்.

காயப்பட்டவருக்கு நித்திரை வராமல், பயமும் வெறுப்பும் தொடர்ந்தால் அது மனப்பலவீனம் அல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் பேசலாம்.

கடைசியாக, அவரை வீட்டு மூலையில் இருத்திவிடாதீர்கள். பாவம் என்று சொல்லிக் கையிலுள்ள வேலையைப் பறிப்பதும் ஒரு வகையில் அவரை இன்னொரு முறை காயப்படுத்துவதாகும். மெதுவாகச் செய்தாலும் அவர் செய்யட்டும். இந்த இரகசியத்தை மலையகச் சகோதரிகளுக்குச் சொல்லிக் கொடுக்க யுத்தத்தைக் கடந்து வந்த உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்? தெரிந்த ஒருவருக்கு ஒரு கடிதம், ஒரு அழைப்பு. அடிபட்ட கதையைக் கேட்டு முடித்தபின், "முதல் நாள் என்ன எழுதினார்கள்?" என்று மறக்காமல் கேளுங்கள்.